லிவர்பூலில் ஒரு பழைய க்ளெய்ம்

லீவ் லெட்டரில் 'லிவர்பூல்' என்று எழுதியதும் ஆபீசில் எனக்குத் திடீர் மரியாதை. பக்கத்து சீட்டுக்காரர் சிவப்பு ஜெர்சி ஒன்று வேண்டும் என்றார். டெஸ்பாட்ச் பையன், "சார், ஆன்ஃபீல்டு கிரவுண்டு வாசல்ல நின்னு எனக்காக ஒரு போட்டோ" என்றான். மேனேஜர் மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "மார்ச் க்ளெய்ம் எல்லாம் அப்படியே நிக்குது. பத்தே நாள். பதினோராம் நாள் சீட்டுல இருக்கணும்" என்றார்.

நான் வேலை பார்ப்பது ஜெனரல் இன்ஷூரன்ஸில், மெரைன் பிரிவில். மெரைன் என்றதும் நீலக்கடல், வெள்ளைத் தொப்பி என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். லாரியில் போகிற சரக்கும் எங்கள் பாஷையில் மெரைன்தான். பதினாலு வருஷமாக உடைந்த டைல்ஸ், நனைந்த நூல் பேல், கவிழ்ந்த பாமாயில் இவற்றுக்கு 'உண்டு', 'இல்லை' என்று எழுதுவதே என் பிழைப்பு. இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு சார் என்கிறீர்களா? பின்னால் வேலை இருக்கிறது.

லிவர்பூலில் என் அக்கா வீடு. அத்தான் 2009லிருந்து அங்கே ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்ட். மான்செஸ்டர் ஏர்போர்ட்டிலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் என் ஃபுட்பால் கனவை ஊதி அணைத்துவிட்டார்.

"மேட்ச் டிக்கெட்டா? அதுக்கு மெம்பர்ஷிப் கட்டி, குலுக்கல்ல பேர் வரணும் மாப்ளே. வெளியில வாங்கினா உன் ஒரு மாச சம்பளம் போயிடும். பேசாம மியூசியம் பாரு. ஃப்ரீ!"

'ஃப்ரீ' என்ற வார்த்தையை அத்தான் உச்சரிக்கும்போது அதில் ஒரு பக்தி தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. 2025 ஏப்ரல். வெயில் அடித்தது, ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் எரிகிற பல்பு மாதிரி வெளிச்சம் மட்டும்தான், சூடு கிடையாது. அக்கா கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தோடு ஆல்பர்ட் டாக் போனோம். மெர்சி ஆற்றங்கரையில் 1846ல் கட்டிய செங்கல் கிடங்குகள். அதில் ஒரு மாடியில்தான் சர்வதேச அடிமை வரலாற்று மியூசியம், 2007ல் திறந்தது. வாசலில் போய் நின்றால்... பூட்டு! புதுப்பிக்கும் வேலைக்காக ஜனவரியிலேயே மூடிவிட்டார்களாம்.

"பாத்துட்டு வரக்கூடாதா அத்தான்?"

"ஃப்ரீதானேன்னு பாக்கலை" என்றார் கொஞ்சமும் வெட்கமில்லாமல். "சரி விடு. இந்த ஊர்ல அதுக்குத் தனியா மியூசியம் எதுக்கு? ரோடே போதும். நட."

அத்தானுக்கு விஷயம் தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. எரிக் லிஞ்ச் என்று ஓர் உள்ளூர்க் கறுப்பினப் பெரியவர் வருஷக்கணக்காக ஜனங்களைக் கூட்டிக்கொண்டு இந்தத் தெருக்களில் நடந்து அடிமை வியாபாரத்தின் கதையைச் சொன்னார். அவர் பின்னால் நடந்தவர்களில் அத்தானும் ஒருவர். லிஞ்ச் 2021ல் காலமானார். மறு வருஷத்திலிருந்து அவர் பெயரிலேயே நகராட்சி தெருவுக்குத் தெரு விளக்கப் பலகை மாட்டத் தொடங்கியது.

டாக்கிலிருந்து நாலடி நடந்தால் தரையில் பெரிய கல் தொட்டிகள், படிக்கட்டு படிக்கட்டாக. கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்துவிட்டு ரிப்பேர் பார்க்கிற இடம். 1760களிலேயே இருக்கிறது.

"ஆப்பிரிக்கா போற கப்பலை இங்கதான் தார் பூசி ரெடி பண்ணுவாங்க" என்றார் அத்தான்.

நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். "அடிமைகளை இங்கேதான் இறக்குவாங்களா?"

"அதான் இல்லை! இந்த ஊருக்குக் கப்பல் கப்பலா யாரும் வந்து இறங்கலை. அதுதான் இதுல இருக்கிற சூட்சுமமே."

சூட்சுமம் இதுதான். கப்பல் இங்கிருந்து துணி, துப்பாக்கி, பித்தளைச் சாமான், மது ஏற்றிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்கா போகும். அங்கே சரக்கைக் கொடுத்து மனிதர்களை வாங்கும். அட்லாண்டிக்கைத் தாண்டி ஜமைக்கா, பார்படாஸ் போன்ற தீவுகளில் அவர்களை விற்கும். லிவர்பூலுக்குத் திரும்பி வருவதோ சர்க்கரை, ரம், பஞ்சு, கூடவே தவணை பில். ஊர்க்காரன் கண்ணில் படுவது மூட்டையும் காகிதமும் மட்டும். சங்கிலிச் சத்தம் மூவாயிரம் மைலுக்கு அப்பால்.

1699 அக்டோபரில் 'லிவர்பூல் மெர்ச்சன்ட்' என்ற கப்பல் இங்கிருந்து கிளம்பி, 220 பேரை பார்படாஸில் கொண்டுபோய் விற்றது. அதுதான் பிள்ளையார் சுழி. அப்போது லிவர்பூல் சுமார் 5,000 பேர் வாழ்ந்த சின்ன ஊர். 1801 சென்சஸில் 77,000க்கு மேல்! நடுவில் நடந்தது என்ன? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைக் கப்பல் பயணங்கள். ஏற்றிப் போனது ஏறக்குறைய 15 லட்சம் பேர். 1790களில் இங்கிலாந்தின் அடிமைக் கப்பல்களில் முக்கால்வாசி இந்த ஒரே துறைமுகத்திலிருந்து கிளம்பியவை.

லண்டனும் பிரிஸ்டலும் முந்திக்கொண்டு ஆரம்பித்த தொழில் இது. லிவர்பூல் எப்படி ஜெயித்தது? அரக்கத்தனத்தில் இவர்கள் ஒரு படி மேல் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகுக்குப் பின்னால் லங்காஷயர் நெசவு, செஷயர் உப்பு, பர்மிங்காம் துப்பாக்கி. மாலுமிக்குச் சம்பளம் குறைவு. யுத்த காலத்தில் பிரெஞ்சுக்காரன் கண்ணில் படாமல் அயர்லாந்துக்கு வடக்கே சுற்றிப் போக வழி. சுருக்கமாக, காஸ்ட் கன்ட்ரோல்! எம்.பி.ஏ. வகுப்பில் பாடமாக வைக்கலாம்.

ரோட்டைத் தாண்டினால் லிவர்பூல் ஒன் என்ற பிரம்மாண்ட ஷாப்பிங் வளாகம். அதன் நடைபாதையில் ஒரு வட்டக் கண்ணாடி. ஐஸ்க்ரீமோடு போகிற பிள்ளைகள் அதன்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் கீழே இருட்டில் பழைய செங்கல் சுவர். 1715ல் தாமஸ் ஸ்டியர்ஸ் என்ற இன்ஜினீயர் கட்டிய பழைய டாக். அலை, காற்று எதற்கும் பயப்படாமல் கப்பலை மதகுக்குள் நிறுத்திச் சரக்கு ஏற்றுகிற வர்த்தக டாக் உலகத்திலேயே இதுதான் முதல். 1826ல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டார்கள். இன்று மேலே ஷூ கடையும் சென்ட் கடையும்.

* * *

ஆற்றோரமாக வடக்கே நடந்தோம். ஒரு தெருப் பலகையில் 'கோரீ' என்று இருந்தது. செனகல் கரையில் உள்ள அடிமைத் தீவின் பெயர். இங்கே நின்ற பழைய கிடங்குகளுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். உலக யுத்தத்தில் குண்டு விழுந்து கிடங்கு போனது. பெயர் மட்டும் தெருவோடு ஒட்டிக்கொண்டது.

எனக்கு ஒரு சந்தேகம் உறுத்திக்கொண்டே இருந்தது. "அத்தான், வெள்ளைக்காரன் துப்பாக்கியோட காட்டுக்குள்ள போய் ஆளைப் பிடிச்சானா?"

"ரொம்ப அபூர்வம். காட்டுக்குள்ள போனா மலேரியாவுலயே செத்துப்போவான். கரையில கப்பலை நிறுத்திட்டு காத்திருப்பான். கொண்டுவந்து வித்தது அங்கே இருக்கிற ராஜாக்களும் வியாபாரிகளும்."

இன்றைய நைஜீரியாவில் கலபார் என்ற ஊர். அங்கே அன்டேரா டியூக் என்று ஒரு வியாபாரி, 1785 முதல் 1788 வரை தனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீஷில் டைரி எழுதினான். எந்த கேப்டன் வந்தான், யாருக்கு விருந்து, எத்தனை பேரை ஏற்றினோம் என்று அன்றாடக் கணக்கு. அவனுடைய கஸ்டமர்களில் பலர் லிவர்பூல்காரர்கள். சரக்கைக் கடனாகக் கொடுத்துவிட்டு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டுமே, கடனுக்கு என்ன ஜாமீன்? இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. ஜாமீன், மனிதர்கள். வியாபாரி தன் சொந்தக்காரப் பிள்ளைகளையே கப்பலில் அடகாக ஏற்றிவிடுவான். சொன்ன தேதிக்குள் சொன்ன எண்ணிக்கை வந்தால் பிள்ளை வீடு திரும்பும். வராவிட்டால் கப்பல் கிளம்பிவிடும், பிள்ளையோடு!

ஒருத்தன் துப்பாக்கி வாங்கினால் பக்கத்து ஊர்க்காரனும் வாங்கியாக வேண்டும். வாங்குவதற்கு ஆள் பிடிக்க வேண்டும். ஆள் பிடிக்க யுத்தம் வேண்டும். சில்லறைத் தகராறுக்குக்கூட 'விற்றுவிடு' என்பது தண்டனையாயிற்று. பிடிபட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், அதுவும் உழைக்கிற வயசு. அட்லாண்டிக் முழுவதும் சேர்த்து சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் ஏற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தது 1 கோடியே 7 லட்சம். வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். அது கடலுக்குள். நேதன் நன் என்ற பொருளாதார நிபுணர் 2008ல் ஒரு கணக்கு வெளியிட்டார்: ஆப்பிரிக்காவில் எந்த நாட்டிலிருந்து அதிகம் பேரைக் கொண்டுபோனார்களோ, அந்த நாடுகள்தான் இன்றைக்கும் அதிக வறுமையில். அதிகம் பேர் பிடிபட்டு விற்கப்பட்ட இனத்தாரின் வாரிசுகளிடையே, அண்டை வீட்டுக்காரனை நம்புவதுகூட இன்றுவரை குறைவு என்று 2011ல் இன்னொரு ஆய்வு. நம்புவது எப்படி சார்? முப்பாட்டனை விற்றதே பக்கத்து ஊர்க்காரன் ஆயிற்றே.

* * *

வாட்டர் ஸ்ட்ரீட் நம்ம பாரிமுனை மாதிரி. பாங்க், இன்ஷூரன்ஸ், கப்பல் கம்பெனி. என் மாதிரி ஆசாமிகள் இருநூறு வருஷமாகக் குடையும் கையுமாக ஓடிய தெரு. மார்ட்டின்ஸ் பாங்க் கட்டடம் 1932ல் எழுந்தது. வாசல் பக்கத்தில் கல்லில் ஒரு சிற்பம்: கடல் தெய்வம் நெப்டியூன் நிற்கிறார், இருபுறமும் இரண்டு ஆப்பிரிக்கச் சிறுவர்கள், கையில் பண மூட்டை! எத்தனை வெளிப்படை பாருங்கள். அடிமை வியாபாரத்தில் சம்பாதித்த ஹேவுட் சகோதரர்களின் குடும்பம் 18ம் நூற்றாண்டில் பாங்க் வைத்தது. அது 1883ல் பாங்க் ஆஃப் லிவர்பூலில் சேர்ந்து, அது மார்ட்டின்ஸோடு சேர்ந்து, கடைசியில் 1969ல் பார்க்ளேஸுக்குள் போயிற்று.

மேலே போனால் டவுன் ஹால். அதன் வெளிச்சுவரில் மாலை மாதிரி ஓடும் சிற்ப வரிசையில் யானை, சிங்கம், முதலை, நடுநடுவே ஆப்பிரிக்க முகங்கள். ஊரின் வியாபாரத்துக்கு அவர்களே செய்துகொண்ட விளம்பரம். உள்ளே உட்கார்ந்த மேயர்களில் இருபது பேருக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவர்கள்.

பெரிய மனிதர்கள் மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. ஒரு கப்பல் பயணத்தை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று பங்கு போடுவார்கள். மளிகைக்கடைக்காரர், தையல்காரர், வக்கீல், துணிக்கடைக்காரர் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு போட்டிருந்ததாக 1795லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மூர்ச் சீட்டு மாதிரிதான். கயிறு திரிப்பவனுக்கு ஆர்டர், பீப்பாய் செய்பவனுக்கு ஆர்டர், பிஸ்கட் சுடுபவனுக்கு ஆர்டர். விலங்கு அடிக்கிற கொல்லனுக்கும் ஆர்டர்.

அப்படியானால் கொள்ளை லாபமா? அதுதான் இல்லை. சில கப்பல் அள்ளிக்கொண்டு வந்தது, சில மூழ்கிற்று. மாலுமிகளிலேயே ஐந்தில் ஒருவர் செத்தார்கள். மொத்தத்தில் சராசரி லாபம் நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். தொண்ணூறுகளில் நம் பாங்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கே அதைவிட அதிகம் வட்டி கொடுத்தார்கள்! ஒருவேளை நூற்றுக்கு நூறு லாபம் என்றிருந்தால் 'பேராசை பிடித்த ராட்சசர்கள்' என்று ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம். பத்து பர்சென்டுக்காக, பொறுமையாக, ரசீது ஒட்டி, நூறு வருஷம் செய்திருக்கிறார்கள்.

இந்த லாபத்தில்தான் இங்கிலாந்தின் தொழிற்புரட்சியே நடந்தது என்று 1944ல் எரிக் வில்லியம்ஸ் புத்தகம் எழுதினார். பிற்பாடு டிரினிடாடின் பிரதமரானவர். 'அவ்வளவு இல்லை, இந்த லாபம் நாட்டின் மொத்த முதலீட்டில் சொற்பம்' என்று மறுத்தவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்குத் தோன்றுவது: லாபத்தை மட்டும் எண்ணினால் சொற்பம்தான். ஆனால் சர்க்கரை? 1700ல் ஓர் இங்கிலீஷ்காரன் வருஷத்துக்குத் தின்றது 4 பவுண்டு எடை. 1800ல் 18 பவுண்டு. அதைக் கொண்டுவந்த கப்பல், சுத்தப்படுத்திய ஆலை, கடன் கொடுத்த பாங்க், பிரீமியம் வாங்கிய கம்பெனி இதையெல்லாம் எந்தப் பத்தியில் எழுதுவது?

சரி, கப்பலில் போன துணி யாருடையது? இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆப்பிரிக்காவுக்குப் போன சரக்கில் பெரும்பங்கு துணி. அதில் கணிசமான பகுதி இந்தியத் துணி. நம் சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிக்கு வியாபாரப் பெயரே 'கினி துணி'. கினி என்றால் மேற்கு ஆப்பிரிக்கக் கரை. 1700லும் 1721லும் இங்கிலாந்து சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியை உள்ளூரில் உடுத்தத் தடை விதித்தது. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை. ஆப்பிரிக்க வாடிக்கையாளன் லேசுப்பட்டவன் இல்லை. நிறத்தையும் நெசவையும் பார்த்து மட்டமானதைத் தள்ளிவிடுவான். மான்செஸ்டர்காரன் நம் துணியைக் காப்பியடித்து அவனிடம் விற்றுப் பார்த்துத்தான் பஞ்சு நெசவில் தேர்ந்தான். பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கம் தறியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்குமா? தரகர் கூலி கொடுத்தாரா, சரி.

பின்னால் அமெரிக்காவில் அடிமைகள் விளைத்த பஞ்சு இதே லிவர்பூலில் வந்து இறங்கி, மான்செஸ்டர் மில்லில் மலிவுத் துணியாகி, நம் ஊருக்கே வந்து அந்தத் தறியை நிறுத்திற்று.

* * *

டவுன் ஹாலுக்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் ஃப்ளாக்ஸ் என்று ஒரு முற்றம். வியாபாரிகள் நின்று பேரம் பேசிய இடம். நடுவில் 1813ல் வைத்த நெல்சன் நினைவுச் சின்னம். அடியில் நாலு பேர் சங்கிலியோடு தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அடிமைகள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையாம், நெல்சன் ஜெயித்த யுத்தங்களின் கைதிகளாம். இந்த ஊரில் சங்கிலியைச் சிலை வடித்தார்கள், அதையும் வேறு கணக்கில்.

பக்கத்து பெஞ்சில் புளியோதரையைப் பிரித்தோம். அத்தான் கேட்டார்: "மெரைன் க்ளெய்ம் பாக்கிறவனாச்சே... சோங் கேஸ் தெரியுமா?"

தெரியாது. பதினாலு வருஷ சர்வீஸ், எத்தனையோ டிரெயினிங். யாரும் சொன்னதில்லை.

சோங் என்பது வில்லியம் கிரெக்சன் என்பவரின் கோஷ்டிக்குச் சொந்தமான லிவர்பூல் கப்பல். கிரெக்சன் 1762ல் இந்த டவுன் ஹாலில் மேயராக இருந்தவர். 1781ல் சோங் ஆப்பிரிக்காவிலிருந்து 442 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சின்னக் கப்பலுக்கு அது இரண்டு மடங்குச் சுமை. கேப்டன் லூக் காலிங்வுட் அதுவரை கப்பல் டாக்டராக இருந்தவர். வியாதி பரவியது. ஜமைக்காவை வேறு தீவு என்று தப்பாக நினைத்துத் தாண்டிப் போய்விட்டார்கள். தண்ணீர் போதாது என்று சொல்லி, நவம்பர் 29ந் தேதி 54 பெண்களையும் பிள்ளைகளையும் கடலில் எறிந்தார்கள். அப்புறம் 42 ஆண்கள். அப்புறம் இன்னும் 36. நடுவில் மழை பெய்து தண்ணீர் பிடித்த பிறகும் எறிந்தார்கள். பத்துப் பேர் தாங்களே குதித்தார்கள். ஜமைக்காவில் கரை சேரும்போது உயிரோடு 208 பேர். தண்ணீரும் நூற்றுக்கணக்கான காலன் மீதி.

ஊருக்கு வந்ததும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? க்ளெய்ம் போட்டார்கள். தலைக்கு முப்பது பவுண்டு.

ஏன் எறிய வேண்டும் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கையில் புளியோதரை அப்படியே நின்றுவிட்டது. வியாதியில் செத்தால் 'இயற்கை மரணம்', நஷ்டம் முதலாளிக்கு. மற்ற சரக்கைக் காப்பாற்ற ஒரு பகுதியைக் கடலில் எறிந்தால், நஷ்டம் இன்ஷூரன்ஸுக்கு. எங்கள் பாலிசியில் இன்றைக்கும் இருக்கிற ஷரத்து. பெயர் 'ஜெட்டிசன்'. நானே நூறு தடவை டைப் அடித்திருப்பேன்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு லோடு கோழிக்குஞ்சு என் மேஜைக்கு வந்தது. அதாவது காகிதமாக வந்தது. நாமக்கல் பக்கமிருந்து போன லாரியில் உஷ்ணத்தில் பாதிக் குஞ்சு செத்துவிட்டது. ஷரத்தைப் பார்த்து 'இல்லை' என்று எழுதினேன். பண்ணைக்காரர் என் எதிரே வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அப்ப டிரைவர் வண்டியைக் கவுத்திருந்தா பணம் வந்திருக்கும், இல்லீங்களா சார்?" என்றார். நான் சிரித்தேன். செக்ஷனே சிரித்தது. ரொம்ப நாள் அதை ஜோக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சாப்பிடு மாப்ளே. ஆறிப்போச்சு" என்றார் அத்தான்.

கம்பெனி பணம் தர மறுத்தது. கொலை என்பதற்காக அல்ல. கேப்டனின் கவனக்குறைவு, அதனால் தர வேண்டியதில்லை என்று. 1783 மார்ச்சில் லண்டனில் ஜூரி முதலாளிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மே மாதம் மேல் விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு, சட்டத்தின் பார்வையில் இது குதிரைகளைக் கடலில் எறிந்த வழக்கு மாதிரிதான் என்றார். ஆனாலும் மழை பெய்த விஷயம் வெளிவந்ததும் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். அது நடந்ததாகத் தடயம் இல்லை. ஒலாடா ஈக்வியானோ என்ற முன்னாள் அடிமை பத்திரிகையில் இதைப் படித்துவிட்டு, கிரான்வில் ஷார்ப் என்ற வழக்கறிஞரல்லாத ஒரு சட்டப் புலியிடம் ஓடினார். ஷார்ப் கொலை வழக்குப் போட வைக்க எவ்வளவோ முட்டிப் பார்த்தார். ஒருவர் மேலும் வழக்கு வரவில்லை. ஆனால் செய்தி பரவிற்று. அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கம் சூடு பிடித்ததில் இந்த க்ளெய்முக்குப் பங்கு உண்டு. அடுத்தடுத்து வந்த சட்டங்கள் கப்பலில் எத்தனை பேர் என்று வரம்பு போட்டன; இந்த மாதிரி இன்ஷூரன்ஸுக்கும் கடிவாளம் போட்டன.

1807ல் வியாபாரத்தையே சட்டம் தடை செய்தது. ஆதரித்து ஓட்டுப் போட்ட லிவர்பூல் எம்.பி. வில்லியம் ராஸ்கோ ஊர் திரும்பியபோது கும்பல் அவரைச் சூழ்ந்து கலாட்டா செய்தது. ஊர் அழியும் என்று பயந்தார்கள். அழிந்ததா? அதே கலபாரிலிருந்து இப்போது பாமாயில் வந்தது. அமெரிக்காவிலிருந்து பஞ்சு மலை மலையாக வந்தது. லிவர்பூல் முன்னைவிடக் கொழித்தது.

* * *

கடைசியாக மேட்டில் ஏறி ரோட்னி ஸ்ட்ரீட். வரிசையாக அழகான பழைய வீடுகள். 62ம் நம்பரில் 1809ல் பிறந்தவர் வில்லியம் கிளாட்ஸ்டன், நாலு தடவை பிரதமரானவர். எனக்கு மகனைவிட அப்பாவிடம்தான் வேலை. ஜான் கிளாட்ஸ்டன், லிவர்பூல் வியாபாரி, தென்னமெரிக்காவின் டெமராராவில் கரும்புத் தோட்டங்கள். 1833ல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. நஷ்டஈடு 2 கோடி பவுண்டு! அடிமைகளுக்கு என்று நினைத்தீர்களானால் நீங்கள் என்னைப் போல அப்பாவி. அது முதலாளிகளுக்கு. 2,508 பேரை இழந்ததற்காக ஜான் கிளாட்ஸ்டன் வாங்கியது 1,06,769 பவுண்டு. விடுதலையானவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. மேற்கொண்டு 1838 வரை 'அப்ரண்டிஸ்' என்று அதே தோட்டத்தில் வேலை.

அதோடு விட்டாரா? இனி கரும்பு வெட்ட ஆள்? 1836ல் கல்கத்தாவில் ஒரு கம்பெனிக்குக் கடிதம் போட்டார். 1838 மே 5ந் தேதி விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரண்டு கப்பல்களில் 396 இந்தியக் கூலிகள் டெமராராவில் இறங்கினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு இந்தியர்கள் போன கதை கரீபியனில் அப்படித் தொடங்கியது. பிறகு மதராஸிலிருந்தும் கப்பல்கள் போயின. கயானாவில் இன்றைக்கும் மாரியம்மன் கோயில் உண்டு. 2023ல் கிளாட்ஸ்டன் வம்சத்தார் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். லிவர்பூல் நகராட்சி 1999லேயே கேட்டுவிட்டது.

வீட்டு வாசலில் நின்றபடி போனில் தேடிக்கொண்டிருந்தேன். "அத்தான், அந்த ரெண்டு கோடி அப்போ அரசாங்கத்தோட வருஷச் செலவுல நாற்பது பர்சென்டாம். பெரும்பகுதியைக் கடன் வாங்கித்தான் கொடுத்தாங்களாம்."

"யார்கிட்ட?"

"ரோத்ஸ்சைல்டு, மான்டிஃபியோரி. 1835ல."

"அடைச்சிருப்பாங்க."

"அடைச்சுட்டாங்க. 2015ல."

அத்தான் திரும்பினார். "எந்த வருஷம்?"

"2015 அத்தான். கஜானா டிபார்ட்மென்டே 2018ல சொல்லியிருக்கு. கடன் பத்திரமா மாத்தி மாத்தி, வரிப்பணத்துல வட்டி கட்டிக்கிட்டே வந்திருக்காங்க."

"நான் வந்தது 2009" என்றார் அத்தான்.

பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அக்கா, "ஏன் ரெண்டு பேரும் உம்முனு இருக்கீங்க? மியூசியம் நல்லாயில்லையா?" என்றாள். பூட்டியிருந்தது என்றேன்.

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. அத்தான் தன் பழைய ஃபைலைத் தரையில் பரப்பி, பே-ஸ்லிப்புகளை வருஷவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். 2009 டிசம்பர் முதல் 2015 ஜனவரி வரை. ஒவ்வொன்றிலும் வரி என்ற கட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு டிக். பக்கத்தில் கால்குலேட்டர்.

"எவ்வளவு வரும் அத்தான்?"

"பென்ஸ் கணக்குலதான் இருக்கும்" என்றார் தலை நிமிராமல். "கூட்டிப் பாத்துடறேன். நீ போய்ப் படு."